பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா

ப்ளஸ் டூவில் இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டாம் என்று என்னிடம் எல்லோரும் சொன்னார்கள். தலைமையாசிரியை சொன்னார், இங்கிலீஷ் டீச்சரே சொன்னார், அம்மாவும் சொன்னாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்தே என் இரண்டு கைகளும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டவை. டம்ளர் பிடிப்பேன், சோறு பிசைந்து சாப்பிடுவேன், பொத்தானை நேரம் எடுத்துக்கொண்டு நானே போட்டுக்கொள்வேன். பேனாதான் ஒத்துவராது. நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவள் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

என்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு. நாம் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆசிரியரைத் தருவார்கள். அரசாங்கக் காகிதத்தில் அவருக்கு 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். கூடவே ஒரு மணி நேரம் அதிகம் தருவார்கள். அதுவும் போதாதென்றால் ஒரு மொழிப்பாடத்திலிருந்தே விலக்கு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாடத்தை எழுதாமலே பாஸ் ஆகிவிடலாம். எல்லோரும் அந்தக் கடைசிச் சலுகையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"தமிழ் உனக்கு நல்லா வருது. இங்கிலீஷ விட்டுடும்மா. ஒரு பேப்பர் கம்மியானா உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி," என்றார் தலைமையாசிரியை. இரண்டாவதாகச் சொன்ன நிம்மதி பள்ளியின் தேர்ச்சி விகிதம் பற்றியது. அதை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்.

நான் எழுதுவேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "பிடிக்கும்ங்க," என்றேன். இங்கிலீஷ் பிடிக்கும் என்று சொன்ன பிள்ளையை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் படிப்பது என்றால் அடைப்புக்குறி போடுவது. டீச்சர் பாடத்தை வாசிப்பார், ஒரு வரிக்குத் தமிழில் அர்த்தம் சொல்வார், பிறகு, "இங்க ஆரம்பிச்சு, இந்தப் புள்ளி வரைக்கும், மூணாவது கேள்விக்கு ஆன்சர். பிராக்கெட் போட்டுக்கோங்க," என்பார். வகுப்பு முழுக்கப் பென்சில்கள் ஓடும். அடைப்புக்குறிக்குள் இருப்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். வெளியே இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மழை பெய்தது, அந்த ஆள் குடையை மறந்துவிட்டு வந்தான், சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கியது என்றெல்லாம் வருபவை எல்லாம் வெளியேதான் கிடக்கும்.

எனக்கு அடைப்புக்குறி போட வராது. போட்டால் அது நாலு வரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அதனால் பென்சிலை வைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கதை நடந்துகொண்டிருந்தது. குடையை மறந்தவன் எப்படித் திரும்பிப் போனான் என்ற கவலை அந்த வகுப்பிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான். அப்படித்தான் பிடித்துப்போனது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, எழுத முடிந்திருந்தால் நானும் அடைப்புக்குறிதான் போட்டிருப்பேன்.

ஆனால் தேர்வுத் தாளில் நான் எழுதுவது எப்போதும் பாதியில் நிற்கும். அதனால் என்னை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மாலையில் மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மெல்லக் கற்போர் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். மெல்ல எழுதுகிறவளுக்கும் மெல்லக் கற்கிறவளுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல இரண்டு முறை முயன்றேன். "பரவால்ல, உக்காரும்மா, கேட்டா நல்லதுதானே," என்றார்கள். மூன்றாம் முறை நான் வாயைத் திறக்கவில்லை. வாதாடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

அந்த மரத்தடியில்தான் காமன் பாரா சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே படித்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்தக் கவிதையைக் கேட்டாலும் எழுதக்கூடிய ஒரே பதில் அது. இது மிக அழகான கவிதை. கவிஞர் எளிய சொற்களில் ஆழ்ந்த கருத்தைச் சொல்கிறார். இந்தக் கவிதை நம் வாழ்க்கைக்கு நல்ல நீதியைக் கற்றுத்தருகிறது. நாம் அனைவரும் இதைப் பின்பற்ற வேண்டும். இதையே கொஞ்சம் நீட்டி ஆங்கிலத்தில் ஒரு பாராவாக்கி வைத்திருந்தார்கள். தலைப்பையும் கவிஞர் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கப்பல் கவிழ்ந்து எல்லோரும் செத்துப்போகிற கவிதை ஒன்று இருந்தது. அதற்கும் அனைவரும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றுதான் எழுதினோம். திருத்துகிறவர்கள் மதிப்பெண் போட்டார்கள். அவர்களுக்கும் வெயில், அவர்களுக்கும் கட்டுக் கட்டாகத் தாள்.

அந்த வருடப் புத்தகத்தில் ஒரு சின்னக் கவிதை இருந்தது. ஒருவன் தன் வீட்டை விற்றுவிடுகிறான். சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறான். அவ்வளவுதான் கவிதை. இங்கிலீஷ் டீச்சர் அதை வாசித்தார். ஐந்து செக்‌ஷனுக்குப் பாடம் எடுத்துத் தொண்டை கட்டிப்போனவர், ஃப்ளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பார். வாசித்து முடித்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். "இது வீட்டு மேல இருக்கற பாசத்தப் பத்தின போயம். பிராக்கெட்டு ஒண்ணும் இல்ல. பாராதான் கேப்பாங்க. காமன் பாரா எழுதிடுங்க," என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு அது பாசமாகத் தெரியவில்லை. பாசம் இருக்கிறவன் உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பான், அழுவான். இவன் பூட்டைத்தான் இழுத்தான். நாங்கள் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருந்தோம். அதற்கு முன் வேறு இரண்டு வாடகை வீடுகள். வீடு மாற்றிய பிறகும் அம்மா சில நாள் இருட்டில் பழைய வீட்டு சுவிட்ச் இருந்த இடத்துச் சுவரையே தடவிக்கொண்டிருப்பாள். அந்தக் கவிதையில் இருப்பதும் அதுதான் என்று தோன்றியது. வீடு போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அவன் கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நாம் நினைப்பது ஒன்று, அவை செய்வது ஒன்று.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் நின்று கேட்டார். "நல்லா இருக்கும்மா," என்றார். நிஜமாகத்தான் சொன்னார், முகத்தில் தெரிந்தது. "ஆனா திருத்தறவங்க பாயின்ட்தான் தேடுவாங்க. நீ வேற ஒருத்தர வெச்சு எழுதப் போற. உனக்கு எதுக்கு ரிஸ்க்கு? பேசாம விலக்கு வாங்கிடு," என்று சொல்லிவிட்டு அடுத்த செக்‌ஷனுக்கு நடந்தார். அவர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போவதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பாஸ் ஆவது, ஃபெயில் ஆவது எல்லாம் பிறகு. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனதற்கு ஒரே ஒரு பதிலாவது நான் நினைத்தபடி முழுசாக ஒரு பரீட்சைத் தாளில் இருக்க வேண்டும். அந்தப் பதில் இந்தக் கவிதைக்கானதாக இருக்க வேண்டும். கேள்வியில் அது வருமா என்பதே நிச்சயமில்லை. ஆனாலும் ஆசை பிடித்துக்கொண்டது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கடையிலிருந்து அப்போதுதான் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலையிலிருந்து ராத்திரிவரை நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல் கிடையாது. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எதுக்குடி வீண் வம்பு? வேணாங்கறத எதுக்கு இழுத்துப் போட்டுக்கற?"

"எழுதணும்மா."

"எழுதி?"

அவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "சரி, என்னா பண்ணணும் சொல்லு," என்றாள். அம்மா எதற்குச் சம்மதித்தாலும் அலுத்துக்கொண்டுதான் சம்மதிப்பாள். முகத்தைப் பார்த்தால் மறுத்த மாதிரியே இருக்கும்.

சொல்லி எழுதவைப்பது சாதாரண விஷயமில்லை. நினைக்கிற வேகத்தில் சொல்ல முடியாது, சொல்கிற வேகத்தில் அவர்கள் எழுத மாட்டார்கள். எந்த இடத்தில் புள்ளி, எந்த இடத்தில் கமா என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும். பழகுவதற்கு ஆள் வேண்டும். பள்ளியில் யாருக்கும் நேரமில்லை. அதனால் அம்மாதான் எனக்கு எழுதினாள்.

அம்மா எட்டாவதுவரை படித்தவள். ஆங்கில எழுத்துகள் தெரியும், சொற்கள் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும். நான் ஒரு எழுத்தைச் சொன்னதும், "பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்பாள். சின்னது என்றால், "வயிறு எந்தப் பக்கம்?" என்பாள். பி-க்கும் டி-க்கும் அவளுக்குத் தகராறு. வலது பக்கம் வயிறு, இடது பக்கம் வயிறு என்று நான் சொல்ல வேண்டும். ஒரு சொல் முடிந்ததும் விரலை வைத்து இடம் விடுவாள். சேலை மடிக்கிற கை அல்லவா, எழுத்துகள் ஓரம் பிசகாமல் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். என்ன எழுதுகிறோம் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

அந்தக் கவிதைக்கான பதிலைத்தான் மறுபடி மறுபடி எழுதினோம். எவ்வளவு வேகமாக முடிகிறது என்று பார்ப்பதற்காக. சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். சில நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். நான் எழுத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். தலையைச் சிலுப்பிக்கொண்டு, "ம், சொல்லு," என்பாள். எனக்கு வாய் வலிக்கும், அவளுக்குக் கை வலிக்கும். சில நாள் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு எரிச்சல் வந்து, அரிசி வேகவில்லை என்பது மாதிரி வேறு எதற்கோ சண்டை போடுவோம். மறுநாள் மறுபடி உட்காருவோம்.

ஒருநாள் அவளாகவே கேட்டாள். "தெனமும் எழுதறனே, இதுல என்னாதான்டி இருக்குது?"

தமிழில் சொன்னேன். வீட்டை விற்றவன், தெருமுனை, பூட்டு. அம்மா கவனமாகக் கேட்டாள்.

"வித்துட்டானா? அப்புறம் எதுக்குப் போய் இழுக்கறான்? வாங்கனவன் பாத்தா என்னா நெனைப்பான்?"

"அதாம்மா கேள்வி."

"இதுக்கு ஒரு கேள்வியா," என்று கொட்டாவி விட்டாள். பிறகு, "சரி, விட்ட எடத்துலருந்து சொல்லு," என்றாள். இலக்கியம் பற்றி அம்மாவும் நானும் பேசியது அவ்வளவுதான்.

இங்கிலீஷ் பரீட்சை பௌர்ணமி அன்றைக்கு வந்தது. இந்த ஊரில் இருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றால் நிலா ஞாபகம் வராது, பஸ் ஞாபகம்தான் வரும். கிரிவலக் கூட்டம் சேரச் சேர மத்தியானத்துக்கு மேல் பஸ்களை ஊருக்குள் விட மாட்டார்கள். வெளியே தற்காலிக நிலையத்துக்கு நடந்து போய்த்தான் ஏற வேண்டும். ஜவுளிக்கடைக்கும் அன்றைக்குத்தான் வியாபாரம். அம்மா எப்படியோ பேசி விடுப்பு வாங்கிக்கொண்டு என்னோடு வந்தாள். அதற்காகக் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டதை என்னிடம் சொல்லவில்லை.

எனக்குத் தனி அறை. அறை என்றால் உயிரியல் ஆய்வகம். கண்ணாடிக் குடுவைகளில் ஏதேதோ மிதந்துகொண்டிருந்தன, மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. எனக்காகச் சொல்வதை எழுதுபவர் வேறொரு பள்ளியிலிருந்து வந்திருந்தார். இங்கிலீஷ் பரீட்சைக்கு இங்கிலீஷ் ஆசிரியர் எழுதக் கூடாது என்பதால் கணக்கு டீச்சரை அனுப்பியிருந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். நல்ல மனசுக்காரர். என்னைப் பார்த்ததும், "பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்ல," என்று தன் கைக்குட்டையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அறைக் கண்காணிப்பாளராக ஒரு சார், வாசலோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கேள்வித்தாளை விரித்ததும் முதலில் கவிதைப் பக்கத்தைத்தான் தேடினேன். அது இருந்தது. பூட்டு, வீடு, தெருமுனை, எல்லாம். எனக்கு உடம்பு ஒரு முறை குலுங்கி அடங்கியது. டீச்சர் குளுக்கோஸ் வேண்டுமா என்று கேட்டார்.

ஒரு வார்த்தைக் கேள்விகள் வேகமாகப் போயின. நான் சொல்ல, அவர் எழுத, எங்களுக்குள் ஒரு ஓட்டம் பிடிபட்டது. உரைநடைப் பதில்கள் எல்லோரும் மனப்பாடம் செய்கிற அடைப்புக்குறிப் பதில்கள். அவற்றை அவர் ஏற்கெனவே பல பிள்ளைகளுக்கு எழுதியிருப்பார் போல, நான் பாதி சொல்லும்போதே மீதியை எழுதிவிட்டார். கவிதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக. அது என் தப்புக் கணக்கு. மற்ற பிள்ளைகளின் நேரம் முடிந்து மணி அடித்தது, வராந்தாவில் செருப்புச் சத்தமும் சிரிப்புமாகப் போனார்கள், பள்ளிக்கூடம் அடங்கிப்போனது. எனக்கான கூடுதல் நேரம் ஆரம்பித்தது. டீச்சர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கூட்டம் வர ஆரம்பித்திருந்தது.

"இன்னும் எத்தினி கண்ணு?"

"கொஞ்சந்தாங்க டீச்சர். ஒரு லெட்டர் ரைட்டிங்கு, அப்புறம் இந்த போயம்."

கடிதம் முடியவே நிறைய நேரம் ஆகிவிட்டது. பிறகு கவிதை. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில் எத்தனையோ முறை சொன்னதுதான், தடையில்லாமல் வந்தது. அவருடைய பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நன்றாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தோன்றியது, பேனா என்னைவிட வேகமாகப் போகிறதே என்று. கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தேன். எனக்குக் கைதான் வராது, படிக்க நன்றாக வரும்.

இது மிக அழகான கவிதை என்று எழுதியிருந்தது. கவிஞர் எளிய சொற்களில் ஆழ்ந்த கருத்தைச் சொல்கிறார் என்று எழுதியிருந்தது. நாம் அனைவரும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பதைத்தான் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சருக்கும் காமன் பாரா மனப்பாடம்.

"டீச்சர், நான் சொன்னது இது இல்லீங்க."

பேனா நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்தார்.

"தெரியும் கண்ணு," என்றார். கண்காணிப்பாளருக்குக் கேட்காத குரலில் பேசினார். "நீ சொல்றதுல பாதி எனக்குப் புரியல. ஸ்பெல்லிங்கும் வராது. தப்புத் தப்பா எழுதி உன் மார்க் போச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு. இது எனக்கு நல்லா தெரியும். நானும் அந்தக் காலத்துல இத எழுதித்தான் பாஸ் பண்ணேன்."

கோபம் ஒரு நொடி பொங்கியது, உடனே வடிந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது? எதிரே உட்கார்ந்திருப்பதும் மெல்லக் கற்போரில் ஒருத்திதான். எனக்கு அப்போது படுத்துத் தூங்க வேண்டும் போல இருந்தது. சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்குப் பஸ் கிடைக்கும், எனக்கு மதிப்பெண் கிடைக்கும், தலைமையாசிரியைக்கு விகிதம் கிடைக்கும். அம்மாவுக்கு வெயிலில் நிற்கிற வேலை மிச்சம்.

"அடிச்சிடுங்க டீச்சர்," என்றேன்.

"அடிச்சா மார்க் போயிடும்மா. டைமும் இல்ல."

"நான் எழுத்து எழுத்தா சொல்றேங்க. நீங்க எழுதனா போதும். அர்த்தம் தெரிய வேணாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து, எழுதியதன் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார். கணக்கு டீச்சர் அல்லவா.

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழுதினார். அம்மாவின் வேகம் அவருக்கு வரவில்லை. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்ததையும் சேர்த்து எழுதிவிடுவார், பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. தெருமுனைவரை வந்தோம். அவன் திரும்பினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். வீடு போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும், ஆனால் என்பதுவரை வந்தபோது மணி அடித்தது. கண்காணிப்பாளர் எழுந்து வந்து தாளை எடுத்துக்கொண்டார். அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

தேர்வு முடிவு பிறகு வந்தது. பாஸ்தான், ஆனால் மற்ற பாடங்கள் எல்லாவற்றையும்விட இங்கிலீஷில்தான் கம்மி. அப்பவே சொன்னேன் என்று தலைமையாசிரியை சொன்னார். இப்போது நான் செங்கம் ரோட்டில் ஒரு விடுதிக்கு ஃபோனில் அறை பதிவு செய்துதருகிறேன். வெந்நீர் வருமா, ஜன்னலிலிருந்து மலை தெரியுமா என்று நாள் முழுக்க இங்கிலீஷில் கேட்கிறார்கள், நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்கிறேன். யாராவது ஒருவர் வந்து சாவி வாங்கும்போது என் கையைப் பார்த்துவிட்டு ரொம்பப் பரிதாபமாகப் பேசுவார். காமன் பாரா எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நான் சொல்லவந்தது அன்றைய மத்தியானத்தைப் பற்றி.

அம்மா பள்ளி வாசலுக்கு எதிரே மூடிக்கிடந்த ஒரு கடையின் நிழலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். கணக்கு டீச்சரைப் பார்த்ததும் ஓடிவந்து கும்பிட்டாள். "ரொம்ப நன்றிங்க டீச்சர். நீங்க நல்லா இருக்கணும். எம்பொண்ணுக்காக இவ்ளோ நேரம் இருந்தீங்க," என்று கண்கலங்கினாள். டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. "உங்க பொண்ணு நல்லா சொல்லுச்சுங்க. நான்தான்…" என்று ஏதோ சொல்லவந்தவர், முடிக்காமல் என் தோளைத் தொட்டுவிட்டுத் தற்காலிக பஸ் நிலையம் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தார். கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் எதிர்த்திசையில் போனார்.

எங்களுக்கும் பஸ் இல்லை. வேங்கிக்கால்வரை நடக்க வேண்டும். அம்மா என் பையை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"அந்தப் பூட்டு வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"முழுசா எழுதனாங்களா?"

எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. காமன் பாரா, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது, மணி அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பவே விலக்கு வாங்குன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் என்று அவள் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கட்டும், அதையும் கேட்டுக்கொள்வோம் என்று இருந்தது. அம்மா நாலடி நடந்தாள். பிறகு நடுரோட்டில் நின்றுவிட்டாள். செருப்பில்லாமல் வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"எது வரைக்கும் வந்துச்சு?"

"'ஆனா'ன்னு போட்டாங்க. அதுக்கு மேல வரல."

"அதுக்கு மேல கொஞ்சந்தான இருக்குது?"

"ஆமா."

"சரி வா. மீதிய வீட்டுக்குப் போய் எழுதிடலாம்."

"பரீட்ச முடிஞ்சிடுச்சும்மா. இனிமே யாரு திருத்துவா?"

"யாரும் திருத்த வேணாம். எழுதனத முடிக்காம வுடுவாங்களா?" என்று பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அவளுக்குக் கோபம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவவில்லை. தரையில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தாள். "ம், சொல்லு," என்றாள். முதல் எழுத்தே என் வாயிலிருந்து வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நான் சொல்லாமலே, ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தாள்.